அடுத்தவன் போட்டால் அழுக்காகிவிடுமா?

வசதியானவர்கள் மத்தியில் ஒரு புலம்பல் அடிக்கடி கேட்கிறது. 'இந்தப் பெரிய பிராண்டுக்கெல்லாம் முன்ன மாதிரி மவுசு இல்லை சார். யார் யாரோ மாட்டிக்கிட்டுத் திரியறாங்க!' வாஸ்தவம்தான். தவணையில் வாங்குகிறார்கள், வாடகைக்கு எடுக்கிறார்கள், டூப்ளிகேட்டும் கிடைக்கிறது. ஆடம்பர பிராண்டுகள் 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற அந்தஸ்தை இழந்துவிட்டனவா என்று பட்டிமன்றமே வைக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு கோட்டின் கதையைக் கேளுங்கள்.

இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் ஊரில் 1856-ல் தாமஸ் பர்பெரி என்ற 21 வயது இளைஞர் துணிக்கடை போட்டார். 1879-ல் 'கபர்டீன்' என்ற துணியைக் கண்டுபிடித்தார். நெய்வதற்கு முன்பே நூலைத் தண்ணீர் இறங்காதபடி பக்குவம் செய்துவிடுவது அவர் உத்தி. மழை உள்ளே வராது, உடம்பும் புழுங்காது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்தத் துணியில் தைத்த கோட்டோடுதான் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள். இன்று பர்பெரி என்றதும் நினைவுக்கு வரும் அந்தக் கட்டம் போட்ட டிசைன் 1920-களில் வந்தது. எங்கே தெரியுமா? கோட்டுக்கு உள்ளே, லைனிங் துணியில். போட்டுக்கொண்டவருக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் கட்டம் வெளியே வந்தது. குடையில், மஃப்ளரில், தொப்பியில். 2000-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃபுட்பால் ரசிகர்களும் உழைக்கும் வர்க்கத்து இளைஞர்களும் அந்தத் தொப்பியை ஆசை ஆசையாகப் போட்டார்கள். ஒரிஜினலும் உண்டு, போலியும் உண்டு. உடனே கேலி ஆரம்பித்தது. சில மதுக்கடைகள், பர்பெரி போட்டவர்கள் உள்ளே வரக்கூடாது என்றே சொல்லிவிட்டன. 2004-ல் கம்பெனி அந்தக் கட்டம் போட்ட தொப்பியைத் தயாரிப்பதையே நிறுத்தியது.

யோசித்துப் பாருங்கள். தொப்பியில் என்ன குறை? துணி கிழியவில்லை, சாயம் போகவில்லை. தப்பான தலையில் ஏறிவிட்டது, அவ்வளவுதான்!

இது புதுசும் இல்லை. 1574-ல் எலிசபெத் ராணி போட்ட உத்தரவுப்படி ஊதாப் பட்டு ராஜ குடும்பத்துக்குத்தான். போனால் போகிறதென்று சில பெரிய பிரபுக்களுக்குக் கொஞ்சம் அனுமதி. 1604-ல் அந்த மாதிரிச் சட்டங்கள் ரத்தாயின. சட்டம் செய்த வேலையை இப்போது விலை செய்கிறது. 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற வார்த்தையின் வேரிலேயே 'வெளியே தள்ளிக் கதவைச் சாத்து' என்ற அர்த்தம் இருக்கிறது.

கதவைச் சாத்த எவ்வளவு தூரம் போவார்கள்? 2018-ல் பர்பெரியின் ஆண்டறிக்கையில் ஒரு தகவல் வந்தது. விற்காமல் தங்கிய 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை ஒரே வருஷத்தில் அழித்திருந்தார்கள். அன்றைய கணக்கில் 250 கோடி ரூபாய்க்கு மேல். அதில் கணிசமான பகுதி வாசனைத் திரவியங்கள். எரித்ததில் கிடைத்த சக்தியை வீணாக்கவில்லை என்று விளக்கம் வேறு! எதிர்ப்பு கிளம்பியதும் அதே வருஷம் செப்டம்பரில், இனி எரிக்கமாட்டோம் என்றார்கள். பிரான்ஸ் 2020-ல், விற்காத சரக்கை அழிப்பதற்கு எதிராகச் சட்டமே போட்டது.

குளிரில் ஒருவருக்கு உதவக்கூடிய துணியை ஏன் எரிக்கவேண்டும்? மலிவு விலையில் அது யார் கைக்காவது போய்விட்டால், முழு விலை கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கம்பெனியைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த நெருப்பு, வாங்குகிறவர்களின் மனசுக்காக வைத்தது.

'அப்படியானால் நல்ல பொருளை ஆசைப்பட்டு வாங்குவது பாவமா?' என்று கேட்பீர்கள். இல்லை. நல்ல தோல், நுணுக்கமான தையல், இருபது வருஷம் உழைப்பது... இதற்கெல்லாம் விலை உண்டு. தாராளமாகக் கொடுங்கள். செய்த கைக்கும் மரியாதை. பக்கத்து வீட்டுக்காரரும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டால் உங்கள் கோட்டில் மழை ஒழுகப்போவதில்லை. நல்ல பொருளின் சந்தோஷம் அப்படிப்பட்டது. பகிர்ந்தால் குறையாது. பெருமையின் சந்தோஷம் வேறு ஜாதி. அதற்கு, அது கிடைக்காத நாலு பேர் வேண்டும்.

பிராண்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை பிழைத்துக்கொள்ளும். விலையை ஏற்றும், லோகோவை ஒளிக்கும், பழைய வேலி சாய்ந்தால் கொஞ்சம் தள்ளிப் புது வேலி போடும். வேலி போடக் காசு கொடுப்பது நாம்தான்.

அடுத்த முறை கடையில் கார்டை நீட்டும் முன் ஒரு நிமிஷம் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'ஊரில் எல்லோரிடமும் இது இருந்தாலும் வாங்குவேனா?' ஆமாம் என்றால் வாங்கி அனுபவியுங்கள். இல்லை என்றால், உங்கள் பணம் பைக்குப் போகவில்லை. அது இல்லாதவர்களின் ஏக்கப் பார்வைக்குப் போகிறது. அந்தப் பார்வை குறையக் குறைய உங்கள் சந்தோஷமும் குறையும்.

அதற்குப் பை என்ன செய்யும், பாவம்!