வலி பழைய வினை. புலம்பல் புதிய வினை



இடுப்பில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால் வழியே பாதம் வரையில் மின்னலெனப் பாயும் நரம்பு வலியின் கொடுமையை அதனை அடைந்தவர்களே அறிவர். 5 ஆண்டுகளாக அவ்வலி எம் இடக்காலில் குடிகொண்டுள்ளது. 34 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பாடம் நடத்திய கால், இன்று ஜினாலயத்தை ஒருமுறை வலம் வருவதற்குள் இருமுறை எம்மை நிறுத்திவிடுகிறது. தம் நோயைப் பிறர்க்கு விரித்துரைத்தல் அழகன்று என்று மாணவியர்க்குக் கற்பித்த யாம் இன்று அதனையே உரைக்கப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. இந்நோயின் வழியாக எமது பிழையொன்று எமக்குப் புலப்பட்டது. பெரியோர் முன் பிழையுரைத்தலை நம் நூல்கள் ஆலோசனை என்னும். இவ்வுரையை அத்தகைய ஆலோசனையாகவே கொள்ள வேண்டுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், எம் உறவில் மூத்த அம்மையார் ஒருவர் இதே வலியால் படுக்கையில் கிடந்தார். விடுமுறை நாளொன்றில் காணச் சென்றோம். "இரவெல்லாம் உறக்கமில்லை அம்மா, கால் எரிகிறது" என்றார். யாம் கற்றவர் என்னும் செருக்குடன், "எல்லாம் முன் செய்த வினை, பெரியம்மா. அனுபவித்துத்தான் தீர்க்கவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை; முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் தம் வலியைப் பற்றி எம்மிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. அவர் தெளிவு பெற்றுவிட்டார் என்று எண்ணி யாம் மகிழ்ந்தோம். எமக்கு வலி வந்த மூன்றாம் திங்களில், ஆலய வாயிலில் ஒருவர் அதே சொற்களை எம்மிடம் கூறினார். பெரியம்மா ஏன் சுவரை நோக்கினார் என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

நோயின் இயல்பு

முதலில் இந்நோயின் இயல்பை அறிவோம். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலிருந்து புறப்படும் 5 நரம்பு வேர்கள் ஒன்றுகூடி, நம் உடலிலேயே மிகப் பருமனான நரம்பாகிக் காலுக்குள் இறங்குகின்றன. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்துள்ள வட்டு பிதுங்கினாலோ, முதுமையில் எலும்பின் இடைவெளி குறுகினாலோ அவ்வேர் நசுங்குகிறது. அதனால் எழும் வலியை மருத்துவர் சயாட்டிகா என்பர். ஆயுர்வேதம் இதனைக் கிருத்ரசி என்னும். கிருத்ரம் என்பது கழுகு. நோயாளரின் நடை அதன் நடையை ஒத்திருப்பதால் வந்த பெயர்.

பெரும்பாலோர்க்கு இவ்வலி சில வாரங்களில், மிஞ்சினால் சில திங்களில் தணிந்துவிடுகிறது. சிலர்க்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது. நெடுநாள் துன்புற்ற நரம்பு, சிறு தூண்டுதலையும் பெரிதாக்கி மூளைக்கு அறிவிக்கப் பழகிவிடுகிறது. பள்ளி முடிந்த பின்னும் அடித்துக்கொண்டேயிருக்கும் மணியைப் போன்றது அது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. வலி தோன்றும் இடம் கால். காரணம் இருக்கும் இடம் முதுகு. காலை எவ்வளவு பிடித்துவிட்டாலும் மூலம் அங்கில்லை. துன்பத்தின் செய்தியும் இத்தகையதே. வெளியே தோன்றும் நிமித்தத்தையே நாம் காரணமெனக் கொள்கிறோம். மருமகள் வெந்நீர்ப் பையைச் சிறிது தாமதித்துக் கொண்டுவந்த நாளில், "இவ்வளவு நேரமா?" என்று யாம் சீறினோம். அப்பெண் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஓடோடி வந்தவள். எம் வலிக்கு அவள் எங்ஙனம் காரணமாவாள்?

இரு கணக்குகள்

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், துன்ப அனுபவத்தைத் தரும் அசாதா வேதநீய வினை எவற்றால் வந்து சேர்கிறது என்பதைக் கூறுகிறார். துன்பம், சோகம், மனவேக்காடு, அழுகை, வதை, புலம்பல் ஆகியவற்றைத் தனக்கோ, பிறர்க்கோ, இருவர்க்குமோ உண்டாக்குதல் அதற்கு வாயில். ஒன்பதாம் அத்தியாயத்தில், நோயின் வேதனையையே இடைவிடாது நினைந்து உழல்வதை ஆர்த்த தியானத்தின் வகையாக வைக்கிறார்.

இவ்விரண்டையும் இணைத்து நோக்கின் நம் நிலை தெளிவாகும். காலில் எழும் வலி, பழைய வினையின் உதயம். அது பயனைத் தந்து உதிர்கிறது, அக்கணக்கு குறைகிறது. அவ்வலியை வைத்துக்கொண்டு நாம் செய்யும் புலம்பலும், பிறர்மேல் காட்டும் சினமும் புதிய வினைக்கு ஊற்று; அக்கணக்கு ஏறுகிறது. வலியை நிறுத்துதல் நம் கையில் முழுதும் இல்லை. புதிய ஊற்றை அடைத்தல் நம் கையில் உள்ளது.

அச்சூத்திரம், துன்பத்தைப் பிறர்க்கு உண்டாக்குதலையும் சேர்த்தே சொல்வதை மறக்கலாகாது. படுக்கையில் கிடந்தவரிடம் வினையைச் சுட்டிக்காட்டி அவரை மேலும் வருத்திய யாமும் அசாதா வேதநீயத்தையே தேடிக்கொண்டோம். எவர்க்கு எவ்வினை எப்பயனைத் தருகிறது என்பதை முற்றுணர்ந்த கேவலிகளே அறிவர். வினைக் கொள்கை நம் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி. அதனை அயலார் முகத்துக்கு நேரே நீட்டுதல் அறமாகாது.

நடத்தல், அமர்தல், கிடத்தல்

துறவியர் வெல்லவேண்டிய பரீஷகங்கள் 22. அவற்றுள் நோய் பதினாறாவது. அதற்கு முன்னரே நடத்தல், அமர்தல், கிடத்தல் ஆகிய மூன்றும் ஒன்பது, பத்து, பதினொன்றாக அமைந்துள்ளன. கால் நரம்பு வலி உள்ளவர்க்கு இம்மூன்றும் பரீஷகங்களே. ஆயினும் ஒருவர்க்கு ஒரே நேரத்தில் 19 பரீஷகங்களுக்கு மேல் வாரா என்று அந்நூல் கூறுகிறது. குளிரும் வெப்பமும் ஒருங்கே வருவதில்லை. நடத்தல், அமர்தல், கிடத்தல் மூன்றனுள் ஒன்றே ஒரு நேரத்தில் நிகழும். இதனைப் படித்தபோது எமக்குப் பெரும் ஆறுதல் பிறந்தது. அமர்ந்தால் வலித்தால் எழுவோம். நின்றால் வலித்தால் சிறிது நடப்போம். மருத்துவரும் இதனையே கூறுகின்றனர்: நாள் முழுதும் படுத்தே கிடந்தால் தசைகள் தளர்ந்து வலி மிகும், ஒரே நிலையில் நெடுநேரம் இராமல், இயன்ற அளவு நடத்தலும், கற்பித்த பயிற்சிகளைச் செய்தலும் நலம்.

சாமாயிகத்திற்குச் சம்மணமிட்டு 48 நிமிடம் அமர இயலவில்லையே என்று யாம் பலநாள் கண்ணீர் விட்டதுண்டு. மூலாசாரம் காயோற்சர்க்கத்தை நான்காக வகுக்கிறது. உடல் நின்று உள்ளமும் நிற்பது ஒன்று. உடல் நின்றும் உள்ளம் அமர்ந்துவிட்டது ஒன்று. உடல் அமர்ந்தும் உள்ளம் எழுந்து நிற்பது ஒன்று. இரண்டுமே அமர்ந்துவிட்டது ஒன்று. ஆர்த்த தியானத்தோடு நிற்பவர் நின்றும் அமர்ந்தவரே. அறத்தியானத்தோடு அமர்ந்தவர் அமர்ந்தும் நிற்பவரே. இப்போது யாம் நாற்காலியில் அமர்ந்து, இடையில் ஒருமுறை எழுந்து, பஞ்ச நமஸ்காரம் ஓதுகிறோம்.

மருந்தும் அறமே

வினையென்று விட்டுவிட்டு மருந்துண்ணாதிருத்தல் வேண்டுமோ என்று சிலர் வினவுவர். நால்வகைத் தானங்களுள் மருந்துத் தானமும் ஒன்று. கொடுப்பது அறமாயின் கொள்வது எங்ஙனம் குற்றமாகும்? காஞ்சியோடு தொடர்புடையவராகப் போற்றப்படும் சமந்தபத்திர ஆசாரியர்க்கு, உண்ட உணவெல்லாம் எரிந்துபோகும் பஸ்மக நோய் வந்தது. சல்லேகனைக்கு அவர் இசைவு வேண்டியபோது, குருநாதர் மறுத்து, நோயைத் தீர்த்துக்கொண்டு மீண்டும் துறவேற்குமாறு பணித்ததாகக் கதைநூல்கள் கூறும். வலியின் மிகுதியால் வாழ்வை வெறுத்துப் பேசும் முதியோர் இதனைச் சிந்திக்க வேண்டும். அத்தகைய எண்ணம் எழுந்தால் மறைக்காமல் வீட்டாரிடமும் மருத்துவரிடமும் கூறுங்கள்.

நம் விரதங்களையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். பல மருந்துக் கூடுகள் விலங்கின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. அவற்றுக்கு மாற்றாக மாத்திரை உண்டா என்று கேட்கலாம். நாட்டு மருந்தைத் தேனில் குழைக்கச் சொன்னால், வெந்நீரோ பாலோ ஆகுமா என்று வினவலாம். இரவு மாத்திரையை மாலையில் கொள்ள இயலுமா என்றும் கேளுங்கள். கேளாமல் நீங்களே நேரத்தை மாற்றாதீர்கள். கடையில் வாங்கும் பொதுவான வலி மாத்திரைகளை நாள்தோறும் உண்பது முதியோரின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிறுநீர், மலம் அடக்க இயலாமை, இருக்கைப் பகுதி மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க இயலாமை ஆகியன தோன்றினால் ஒருநாளும் தாழ்க்காமல் மருத்துவமனை செல்லவேண்டும்.

நிறைவாக ஒன்று. அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்று; நோயுற்ற தவத்தோர்க்குத் தொண்டு செய்தல் என்பது அதன் பொருள். இல்லறத்தார்க்கும் அதன் வழி உரியதே. எம் மருமகள் வெந்நீர்ப் பையுடன் வரும்போதெல்லாம் தவம் செய்துகொண்டிருந்தாள். யாம் எம் பொறுமையை இழந்துகொண்டிருந்தோம். அவளிடம் பிழை பொறுக்க வேண்டிவிட்டோம். பெரியம்மாவிடம் வேண்ட இயலாது. அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. ஆதலின் உங்களிடம் இதனை வைக்கிறோம். இனி வலியுற்றோர் ஒருவரைக் காணச் சென்றால், வினையைப் பற்றிப் பேசாதீர்கள். அருகில் அமர்ந்து, "எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டிருங்கள்.

வாழ்க அருகன் அறம்! எல்லா உயிரும் இன்புறுக!