மண்ணும் சுத்தமும்

1

சுத்தம் என்ற சொல் தமிழில் நிரபராதியான சொல் அல்ல. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது, பிறப்போடு வந்துவிடும் என்று கருதப்பட்ட ஒன்றின் எதிர்ப்பதமாகவே நெடுங்காலம் அது புழங்கியிருக்கிறது. தீட்டுக்கு அளவு கிடையாது. துளி பட்டாலும் தீட்டு, குடம் பட்டாலும் தீட்டு. எனவே அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் நேர்ந்ததில்லை. தீட்டைத் தீர்மானிக்க அதிகாரம் போதுமாக இருந்தது.

நஞ்சின் விஷயம் வேறு. எந்தப் பொருளும் நஞ்சுதான், அளவு மட்டுமே அதை நஞ்சல்லாததாக்குகிறது என்று 16ஆம் நூற்றாண்டிலேயே பாராசெல்ஸஸ் சொல்லிவிட்டான். நஞ்சைப் பற்றிப் பேச வேண்டுமானால் எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள் என்று கேட்டாக வேண்டும். விஞ்ஞானம் சுத்தம் என்ற சொல்லுக்குச் செய்த பெரிய உபகாரம் இது. அதை ஒரு குணத்திலிருந்து ஓர் உறவாக மாற்றியது. ஆனால் உறவு என்று ஆனவுடன், யாரோடு உறவு என்ற கேள்வி எழுகிறது. அது விஞ்ஞானம் மட்டும் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல.

பொறியாளர்களின் காரியம் என்று நாம் ஒதுக்கிவிடுகிற ஒரு சோதனையில் இந்தக் கேள்வியை ஸ்தூலமாகவே பார்க்க முடிகிறது. பழைய ஆலைகளும் எரிவாயுக் கிடங்குகளும் நின்ற நகர மனையில் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அஸ்திவாரத்துக்கும் மேடு பள்ளம் நிரவவும் மண்ணைத் தோண்ட வேண்டும். தோண்டிய மண்ணை அங்கேயே திரும்பப் போடலாமா, அல்லது விலக்கி எங்காவது கொண்டுபோய்ப் புதைக்க வேண்டுமா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனை.

2

சோதனை நடக்கும் விதத்தை முதலில் பார்க்கலாம். மனையின் மீது கற்பனையாகக் கட்டங்கள் போடுகிறார்கள். கட்டத்துக்கு ஒரு குழி அல்லது துளை. எடுத்த மண்ணைக் கண்ணாடி ஜாடியில் அடைத்துக் குளிர்ச்சி குறையாமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ஈயம், ஆர்ஸனிக் போன்றவற்றுக்கென்றால் அங்கே அதை உலர்த்தி, சலித்து, ஏறத்தாழ ஒரு கிராம் எடுத்து அமிலத்தில் கரைத்து அளக்கிறார்கள்.

கட்டத்தின் பக்கம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு அதில் 400 கன மீட்டர் மண் இருக்கிறது. உத்தேசமாக 700 டன். அதாவது 70 கோடி கிராமுக்கு ஒரு கிராம் சாட்சி சொல்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியை இங்கே நம்பிப் பயனில்லை. அந்தப் பழமொழியின் நியாயம் ஒரே நீரில், ஒரே தீயில் அரிசி வெந்தது என்பதில் இருக்கிறது. நகரத்து மனையில் மண் அப்படி வேகவில்லை. ஒரு நாள் சாம்பல் கொட்டினார்கள், ஒரு நாள் இடித்த சுவரை. வேறொரு நாள் தார் கசிந்தது. பத்தடி தள்ளி இருப்பது முற்றிலும் வேறு சரித்திரம். ஆகவே ஒழுங்காக நடக்கும் சோதனை துளையிலிருந்து தொடங்குவதில்லை. பழைய வரைபடங்களிலிருந்து, எந்த ஆண்டு எந்த ஆலை அங்கே இருந்தது என்ற பதிவுகளிலிருந்து தொடங்குகிறது. எதைத் தேட வேண்டும் என்று முன்பே தெரியாதவனுக்கு ஆய்வுக்கூடமும் உதவாது. கேட்காத நஞ்சைப் பற்றி அறிக்கை ஒன்றும் சொல்லாது. அந்த மௌனத்தைச் சுத்தம் என்று வாசித்துவிடுவது சுலபம்.

அப்புறம் சராசரி. ஐந்து மாதிரிகளில் ஈயம் ஒரு கிலோ மண்ணுக்கு 40, 50, 60, 50, 700 மில்லிகிராம் என்று வந்தால் சராசரி 180. அனுமதிக்கும் அளவு 200 என்றால் மனை தேறிவிட்டது. இது ஏமாற்று என்பது புள்ளியியலாளர்களுக்குத் தெரியும். அதனால்தான் சராசரியை நம்பாமல், அது அதிகபட்சம் எவ்வளவு வரை இருக்கக்கூடும் என்ற மேல் எல்லையைப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனாலும் ஒன்று மிஞ்சுகிறது. மனை முழுவதும் சராசரியாக யாரும் வாழ்வதில்லை. அந்த 700 இருக்கும் மூலையில் ஒருவர் வீடு அமையும். அந்தக் குழந்தை அந்த மூலையில்தான் விளையாடும்.

3

குழந்தை என்பதை உவமைக்காகச் சொல்லவில்லை. பிரிட்டனில் மண்ணுக்கான எல்லை எண்களைக் கணிக்கும் முறையின் மையத்தில் உண்மையாகவே ஒரு குழந்தை இருக்கிறது. வீட்டு மனையென்றால், பிறந்ததிலிருந்து ஆறு வயது வரையிலான ஒரு பெண் குழந்தை அங்கே வாழ்வதாகப் பாவிக்கிறார்கள். தவழ்ந்து, விரல் சூப்பி, தோட்டத்துக் கீரை தின்று, அவள் உள்ளே மண் எவ்வளவு போகும்? வளர்ந்த குழந்தைக்கு, வீட்டுத் தூசியையும் சேர்த்து நாளைக்கு 100 மில்லிகிராம் என்று கணக்கு. வேலைத்தலமென்றால் அவள் இடத்தில் 16இலிருந்து 65 வயது வரையிலான ஒரு பெண் தொழிலாளி வருகிறாள்.

இப்படிக் கணித்து 2014இல் ஈயத்துக்கு வெளியிட்ட எண்கள், ஒரு கிலோ மண்ணுக்கு மில்லிகிராமில், இவை: காய்கறி பயிரிட வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளுக்கு 80; சொந்தத்தில் காய்கறி போடும் வீட்டுக்கு 200; போடாத வீட்டுக்கு 310; பொதுப் பூங்காவுக்கு 1300; வியாபார ஸ்தலத்துக்கு 2330. இதற்குக் கீழே இருந்தால் அபாயம் குறைவு என்று பொருள். ஒரே பிடி மண், 1000 மில்லிகிராம் ஈயத்தோடு, பூங்காவில் சுத்தமானது. வேலிக்கு அப்பால் வீட்டில் அசுத்தமானது. மண் மாறவில்லை. அதன் மீது வாழ்வதாக நாம் எண்ணிய ஆள் மாறிவிட்டார்.

இதைக் கேட்டவுடன் சிரிக்கத் தோன்றும். நான் சிரிக்கமாட்டேன். வர இருப்பவர்களில் மிகப் பலவீனமானவரை மனத்தில் நிறுத்தி, அவர் பெயரில் ஓர் எண்ணைத் தீர்மானிப்பதில் உண்மையான தார்மீகம் இருக்கிறது. நாம் இலக்கியத்துக்கு மட்டும் உரியதாக நினைத்துக்கொண்டிருக்கும் கற்பனை, ஒரு சர்க்கார் அட்டவணைக்குள் வேலை செய்கிறது. ஆனால் கற்பனைக்கு இருக்கிற குறையும் அதில் இருக்கிறது: யாரை நினைக்கவில்லையோ அவருக்கு அட்டவணையில் இடமில்லை.

இதை நம் பக்கத்திலேயே பார்த்தோம். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணில் பாதரசத்தை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் அளவுக்குக் குறைத்தால் போதும் என்று முடிவாயிற்று. வீட்டு மனையில் உலோக நிலைப் பாதரசத்துக்கு பிரிட்டன் 2009இல் வகுத்த எண் 1. அந்த எண்ணை ஏன் இங்கே வைக்கக்கூடாது என்று கேட்டார்கள். கேள்வி வேதியியலைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அடியில் இருந்தது இதுதான்: அந்தச் சரிவுக்குக் கீழே யார் இருப்பதாக நினைத்து இந்தக் கணக்குப் போட்டீர்கள்?

4

ஆளைப் பார்க்காமல் மண்ணை மட்டும் பார்த்த ஒரு காலமும் இருந்தது. 1980இல் நெதர்லாந்தில் லெக்கர்கெர்க் என்ற ஊரில், பத்தாண்டு வயதுகூட ஆகாத வீடுகளின் அடியில் ரசாயனக் கழிவு புதைந்திருப்பது தெரியவந்தது. சுமார் 270 குடும்பங்களை வெளியேற்றி, வீடுகளின் அடியிலிருந்தே மண்ணை அகற்றினார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்த டச்சுக் கொள்கை, மண் எந்த உபயோகத்துக்கும் தகுந்ததாக மீள வேண்டும் என்றது. நாளை அங்கே என்ன வரும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே எதற்கும் தயாராக விட்டுச் செல்வோம் என்பது அதன் உட்பொருள். தனக்குப் பின் வருபவனின் சுதந்திரத்துக்கு இவ்வளவு மரியாதை தந்த வேறு கொள்கையை நினைத்துப் பார்க்கச் சிரமமாக இருக்கிறது.

1997இல் அதைக் கைவிட்டார்கள். காரணம் செலவு. அத்தனை மனைகளையும் அப்படிச் சுத்தம் செய்ய ஒரு தேசத்தால் முடியாது. முடியாததால் மனைகள் வேலை நடக்காமல் அப்படியே கிடந்தன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முழுச் சுத்தம் என்பதற்கு நடைமுறையில் பெரும்பாலும் பொருள், தோண்டி லாரியில் ஏற்றி வேறெங்கோ கொட்டுவதுதான். அந்த வேறெங்கோவிலும் மனிதர்கள் இருக்கிறார்கள், நகரத்தில் மனை வாங்க முடியாத மனிதர்கள். ஓர் இடம் தன் கடந்த காலத்தைத் தானே சுமக்க வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. மண்ணை அங்கேயே திரும்பப் பயன்படுத்துவதை நான் ஆதரிப்பதற்கு இதுதான் காரணம்; மிச்சமாகும் பணம் அல்ல.

சட்டம் இதில் ஒரு விசித்திரமான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஐரோப்பியச் சட்டத்தில் கழிவு என்றால், வைத்திருப்பவர் எறிந்துவிட்ட, எறிய நினைக்கிற, அல்லது எறிந்தாக வேண்டிய பொருள். அதாவது பொருளின் குணத்தைக் கேட்பதற்கு முன் வைத்திருப்பவரின் உத்தேசத்தைக் கேட்கிறது. திரும்பப் போட வேண்டும் என்ற திட்டத்தோடு, தேவையான அளவு மட்டும், தகுதி சோதித்துத் தோண்டினால் அது மண். அந்தத் திட்டம் இல்லாமல் தோண்டினால் அதே மண் கழிவு. மனசு மண்ணைக் குப்பையாக்குகிறது என்பது வேதாந்தம் போல ஒலிக்கிறது. ஆனால் இது லாரி வாடகையைத் தீர்மானிக்கிற சட்டம்.

5

லண்டனின் கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்ட் பகுதியில், 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக நடந்தது இவ்வகைக் காரியங்களில் பெரியது. லீ நதிப் பள்ளத்தாக்கு அது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ரசாயனம், எண்ணெய், சோப்பு, குப்பைமேடு எல்லாம் அங்கேதான். இருபது லட்சம் கன மீட்டருக்குக் குறையாத மண் தோண்டப்பட்டு, அதில் ஐந்தில் நான்கு பங்கு அங்கேயே திரும்பப் போடப்பட்டது. மண்ணைக் கழுவும் யந்திரங்கள் இருந்த இடத்துக்கு மண் ஆஸ்பத்திரி என்று பெயர்.

கழுவுவது என்றால் என்ன? நஞ்சு பெரும்பாலும் நுண்ணிய வண்டலில் ஒட்டிக்கொள்கிறது. மணலையும் சரளையையும் பிரித்தெடுத்து வண்டலை ஒதுக்கினால், பெரும்பகுதி மீண்டும் உதவும். சிறுபகுதி முன்னைவிட அதிக நஞ்சோடு மிஞ்சும். அதைக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். எண்ணெய்க் கசிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். ஈயத்தையும் ஆர்ஸனிக்கையும் தின்ன யாருமில்லை, அவை தனிமங்கள். அவற்றை அழிக்க முடியாது, இடம் மாற்றலாம், சுருக்கலாம், மூடலாம்.

அங்கே மூடவும் செய்தார்கள். மேலே சுத்தமான மண், அதற்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணி விரிப்பு, அதற்குக் கீழே பழைய நிலம். துணி நஞ்சைத் தடுப்பதற்காக அல்ல. நாளை மண்வெட்டியோடு வருகிறவன் அந்த நிறத்தைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதற்காக. எந்த அறிக்கையையும் படித்திராத ஒருவனுக்கு எழுதிய கடிதம் அது. ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்தவற்றுள் நேர்மையானது எது என்று கேட்டால் அந்தத் துணியைச் சொல்வேன். சுத்தம் செய்துவிட்டோம் என்று அது சொல்லவில்லை; இதுவரை செய்தோம், இதற்குக் கீழே செய்யவில்லை என்கிறது.

ஆனால் அதே நிலத்தில் இன்னொன்றும் நடந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே காய்கறித் தோட்டத் துண்டுகள் இருந்தன. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்று வளர்ந்த குடும்பங்கள் இருந்தன. 2007இல் அவர்களை வெளியேற்றினார்கள். அட்டவணையின் குழந்தை உள்ளே வந்தாள். அந்த மண்ணை உண்மையாகவே தின்றவர்கள் வெளியே போனார்கள். அவர்களை வெளியேற்றியது மண் சோதனை அல்ல, விளையாட்டு விழா. இருந்தும், வரப்போகிறவர்களுக்காகக் கணக்குப் போடத் தெரிந்த ஒரு சமூகம், இருக்கிறவர்களை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்ற கேள்வியை மண் பரிசோதனையின் நுட்பம் மறைத்துவிடக் கூடாது.

6

பூங்காவுக்கு 1300 என்ற எண், அந்த இடம் பூங்காவாகவே இருக்கும் என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. முப்பது ஆண்டு கழித்து யாரோ அங்கே வீடு கட்டினால் மண் பொய் சொல்லியதாகாது. வாக்குத் தவறியவர்கள் மனிதர்கள். உபயோகத்துக்கு ஏற்ற சுத்தம் என்கிற ஒவ்வொரு முடிவும் அடிப்படையில் ஒரு வாக்குறுதிதான். எண் அதன் எழுத்து வடிவம்.

வாக்குறுதி காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் ஊரில் உள்ள லவ் கேனால் சாட்சி. சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்த நிறுவனம் 1953இல் அந்த நிலத்தை ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்துக்குக் கொடுத்தது. பத்திரத்தில் ரசாயனங்கள் புதைந்திருப்பதாகவும், இனி வரும் கேட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்றும் எழுதியிருந்தது. 1955இல் பள்ளி திறந்தது. சுற்றிலும் வீடுகள் வந்தன. சாலையும் சாக்கடையும் போடும்போது மேலே மூடியிருந்த களிமண் குலைந்தது. 1978இல் நெருக்கடி அறிவித்து மக்களை அப்புறப்படுத்தினார்கள். அங்கே தகவல் மறைக்கப்படவில்லை. சொல்லியாயிற்று என்பதே பொறுப்பைக் கழற்றிவிடும் உபாயமாக ஆயிற்று. அறிவைக் கைமாற்றினார்கள், கடமை யார் கைக்கும் போகவில்லை.

டச்சுக்காரர்களின் பழைய லட்சியத்துக்குத் திரும்ப முடியும் என்று நான் நினைக்கவில்லை. அளவோடும் உபயோகத்தோடும்தான் வாழ வேண்டியிருக்கிறது. அப்படியானால் மண் பரிசோதனை அறிக்கை ஒன்றை எதிர்கொள்கிறவன் அதன் கடைசிப் பக்கத்து எண்ணோடு நிறுத்திக்கொள்ள முடியாது. எத்தனை டன்னுக்கு எத்தனை கிராம் பேசியிருக்கிறது? யாரை நினைத்து எல்லை வகுத்தார்கள்? நிலத்தின் உபயோகம் மாறும்போது இந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர் யார்? முதல் இரண்டுக்கும் விடை அறிக்கையிலேயே, தேடினால், கிடைக்கும். மூன்றாவதை எந்த ஆய்வுக்கூடமும் அளந்து தராது. அதற்குப் பெயர் சொல்லி ஓர் ஆள் நியமிக்கப்படாத இடத்தில், மண்ணைத் திரும்பப் போடலாம் என்ற அனுமதி பாதி அனுமதிதான்.