பால் பாயசமும் வேண்டாம் என்றால்..?

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் ஊர் மீன் மார்க்கெட்டில் கூட்டம் குறைந்துவிடும். மற்ற மாதங்களில் அசைவம் சமைக்கிற வீடுகளில்கூட, முதல் நாளே பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்து, வீட்டைக் கழுவிவிட்டு, பெருமாள் படத்துக்குத் துளசி மாலை சாற்றிவிடுவார்கள். அப்படியொரு புரட்டாசி சனிக்கிழமை. உபந்நியாசம் முடிந்து எழுந்தபோது ஒரு சகோதரி தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"சாமி, நாங்க அசைவம் சாப்பிடுற குடும்பம்தான். புரட்டாசி மட்டும் சுத்த சைவம். என் பையன் போன வருஷம் புரட்டாசிக்கு விட்டவன், ஐப்பசி வந்த பிறகும் தொடலை. சந்தோஷப்பட்டேன். இப்போ என்னடான்னா பால், தயிர், நெய்கூட வேண்டாங்கிறான். 'வீகன்'னு ஏதோ சொல்றான். இன்னிக்குப் பெருமாளுக்குப் படைச்ச பால் பாயசத்தைக்கூடத் தொடலை. பிரசாதத்தை மறுத்தா பாவம் இல்லையா?"

சொல்லும்போதே அவர் கண்கள் கலங்கிவிட்டன. பெருமாள் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் ஒரு பக்கம். பிள்ளை இளைத்துப் போய்விடுவானோ என்ற கவலை இன்னொரு பக்கம். தாயல்லவா!

அடியேனுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மோர் சாதம் சாப்பிடாமல் அடியேனுக்கு இலையை மூட மனம் வராது. பாலை விட்டவனைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆனால், இறைச்சியில் தொடங்கிப் பாலையும் விட்டது வரை இதே பாதையில் நடந்த ஒருவர், தன் கதையை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி வைத்திருக்கிறார். அவர் காந்திஜி.

'காந்திஜி இறைச்சி சாப்பிட்டாரா?' என்று புருவத்தை உயர்த்துகிறீர்களா? சாப்பிட்டார். 'சத்திய சோதனை'யில் அவரே சொல்கிறார்.

அவருடைய தாயார் புத்லிபாய் விரதம் என்றால் உயிரை விடுபவர். ஒரு சாதுர்மாஸ்யத்தில், சூரியனைப் பார்க்காமல் சாப்பிடுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார். மழைக்காலமாயிற்றே, சூரியன் எங்கே வருகிறது? குழந்தைகள் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்களாம். வெயில் எட்டிப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் அம்மாவிடம் சொல்வார்கள். அவர் வெளியே வருவதற்குள் சூரியன் மேகத்துக்குள் போய்விடும். "பரவாயில்லை, இன்று நான் சாப்பிடுவதில் பகவானுக்கு விருப்பமில்லை" என்று சிரித்தபடியே வேலையைப் பார்க்கப் போய்விடுவாராம்.

அந்தத் தாயின் பிள்ளைதான், ராஜ்கோட்டில் பள்ளியில் படித்த காலத்தில், 'இறைச்சி சாப்பிட்டால்தான் ஆங்கிலேயனைப் போல் பலம் வரும்' என்று ஒரு நண்பன் சொன்னதை நம்பி, ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்குப் போனார். ஆட்டிறைச்சி தோல் மாதிரி இருந்ததாம். விழுங்க முடியவில்லை. அன்று இரவு, உயிருள்ள ஆடு ஒன்று வயிற்றுக்குள்ளிருந்து கத்துவதைப் போலத் தோன்றித் தூக்கி வாரிப்போட்டதாம்!

அத்துடன் விட்டாரா என்றால், இல்லை. சுமார் ஒரு வருட காலத்தில் ஐந்தாறு முறை ரகசிய விருந்து நடந்தது. நாக்கும் பழகிவிட்டது. அப்புறம் எது அவரை நிறுத்தியது தெரியுமா? ஆட்டின் மீது வந்த இரக்கம்கூட இல்லை. விருந்து முடிந்து வீட்டுக்கு வந்தால் அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். "பசியில்லை, வயிறு சரியில்லை" என்று பொய் சொல்ல வேண்டும். அதுதான் அவரைக் குடைந்தது. 'பெற்றோர் இருக்கும் வரை தொடுவதில்லை. அவர்கள் காலத்துக்குப் பிறகு வெளிப்படையாகவே சாப்பிடலாம்' என்று முடிவு செய்தார்.

ஆக, அவர் விட்டது அம்மாவுக்காக. இறைச்சி தவறு என்று அவர் மனம் இன்னும் ஒப்பவில்லை!

1888-ல் சட்டம் படிக்க லண்டன் கிளம்பினார். தாயார் கலங்கினார். ஒரு ஜைனத் துறவி முன்னிலையில் மது, மாது, மாமிசம் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் விடை கொடுத்தார். லண்டனில் அவர் பட்ட பாடு கொஞ்சமா? உப்பும் மசாலாவும் இல்லாத காய்கறி. ஒரு வீட்டில் இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்கக் கூச்சம். அரை வயிறும் கால் வயிறுமாக, சைவ உணவகத்தைத் தேடித் தினமும் பத்துப் பன்னிரண்டு மைல்கூட நடந்திருக்கிறார்.

ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் கண்டுபிடித்தே விட்டார்! வாசல் கண்ணாடிக்குள் விற்பனைக்குச் சில புத்தகங்கள் இருந்தன. ஹென்றி சால்ட் என்ற ஆங்கிலேயர் சைவ உணவை ஆதரித்து எழுதிய புத்தகத்தை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். லண்டன் வந்தபின் வயிறார உண்டது அன்றுதான். கடவுளே உதவிக்கு வந்தார் என்று எழுதுகிறார். அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்த நாளிலிருந்துதான் தாம் மனம் ஒப்பிச் சைவரானதாகவும் சொல்கிறார். அதுவரை தாயின் விரதம். அன்று முதல் தன் விரதம்.

சகோதரி மகனின் கதையும் இப்படித்தானே? பெருமாளுக்காக விட்டவன், பிறகு தனக்காக விட்டிருக்கிறான்.

சரி, பாலுக்கு வருவோம். பசுக்களையும் எருமைகளையும் கறப்பவர்கள் எப்படியெல்லாம் வதைக்கிறார்கள் என்று கல்கத்தாவிலிருந்து வந்த பிரசுரங்களைப் படித்தார் காந்திஜி. புலனடக்கத்துக்குப் பால் இடையூறு என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. 1912-ல், தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டார்.

இங்கேதான் கஸ்தூரிபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குச் சில வருடங்கள் முன்பே, டர்பனில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. உடம்பில் ரத்தமே இல்லாத நிலை. மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். கணவர் கருத்துக் கேட்டபோது அந்த அம்மாள் சொன்ன பதில், அதைக் குடித்துப் பிழைப்பதைவிட உங்கள் மடியில் சாவது மேல் என்பதுதான். தூறலில் அவரை ரயிலேற்றி ஃபீனிக்ஸ் ஆசிரமத்துக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனிலிருந்து தூளியில் தூக்கிச் சென்றார்கள். பிறகு ஒரு சுவாமிகள் வந்து, மனு ஸ்மிருதியை எடுத்துக் காட்டி, இறைச்சி சாப்பிடுவதில் தோஷமில்லை என்று வாதாடினாராம்! "நீங்கள் என்ன சொன்னாலும் எனக்கு வேண்டாம், என்னைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று முடித்துவிட்டார் கஸ்தூரிபா. அடியேன் போன்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

1918-ல், குஜராத்தில் ஒரு பண்டிகை நாள். மதியம் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார் காந்திஜி. கஸ்தூரிபாவுக்கு மனம் கேட்குமா? பாலும் நெய்யும் கணவர் தொடமாட்டார் என்பதால், நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டுக் கோதுமையில் இனிப்புக் கஞ்சி செய்து, பாசிப்பயறும் தனியே எடுத்து வைத்திருந்தார். கணவர் ஆசையில் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் வயிற்றுக் கடுப்பில் விழுந்தார். அது வேறு விஷயம்!

அந்த நோய் ஆளையே கிடத்திவிட்டது. பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்றார் பம்பாய் டாக்டர். விரதம் தடுத்தது. "பசு, எருமைப் பால்தானே உங்களுக்கு ஆகாது? ஆட்டுப்பால் குடிக்கலாமே?" என்றார் பக்கத்தில் நின்ற கஸ்தூரிபா. உயிரோடு இருந்து சத்தியாகிரகம் நடத்தவேண்டும் என்ற ஆசையில் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், விரதம் எடுத்தபோது எல்லாப் பாலையும் நினைத்துத்தான் எடுத்தேன், சொல்லைக் காப்பாற்றிவிட்டு அதன் உயிரைக் கொன்றுவிட்டேன் என்று பின்னால் வருந்தினார். ஆட்டுப்பாலைக் குடித்தபடியேதான் வருந்தினார். அதையும் மறைக்கவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தச் சகோதரியைக் கேட்டேன்: "கீதையில் ஒன்பதாம் அத்தியாயத்தில், பக்தியோடு தந்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று கண்ணன் எதையெல்லாம் சொல்கிறான் தெரியுமா அம்மா? இலை, பூ, பழம், தண்ணீர். வெண்ணெய் திருடிய பிள்ளை அந்த இடத்தில் பாலைக் கேட்கவில்லை! உங்கள் மகன் துளசி தீர்த்தம் வாங்கிக்கொள்கிறானா?"

"ஐயோ, அதுக்கு முதல் ஆளா வந்து நிப்பான் சாமி."

"அப்புறம் என்ன பாவம்? அவன் உடம்புக்கு வேண்டிய சத்தை மட்டும் ஒரு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காந்திஜி பட்ட அவஸ்தை அவனுக்கு வேண்டாம். ஏன் விட்டாய் என்று அவனையே ஒருமுறை உட்காரவைத்துக் கேட்டீர்களா?"

கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார்.

அடுத்த சனிக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, கையில் தூக்குடன் வந்தார். பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய்ப்பால் சேர்த்த பாயசம். பெருமாளுக்கு நைவேத்தியம் செய்து, மகன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனானாம். அடியேனுக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தார். ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்.