ஒன்றுமில்லை என்று எழுதிய நாள்



நமது அறைவீட்டுத் தாழ்வாரச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. காலைப் பூசை முடிந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிப்பது நம் கோயில்பிள்ளையின் உத்தியோகம். நான் கிழித்துவிட்டால் அவருக்குக் கோபம் வரும். கிழித்த தாளை அவர் உடனே எறிந்துவிடுவதில்லை. அதிலுள்ள சரித்திரக் குறிப்பைச் சத்தமாய் வாசிப்பார். பிறகு அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவார். கைப்பேசியில் தேதி பார்க்கிற இக்காலத்தில் இதெல்லாம் எதற்கென்று வாலிபர் கேட்கிறார்கள். கைப்பேசியில் தேதி தானாகவே மாறிவிடுகிறது. காலண்டரிலோ, ஒரு நாள் போய்விட்டது என்று ஒருவன் எழுந்து நின்று தன் கையாலேயே கிழிக்கவேண்டியிருக்கிறது. அதனால்தான் எனக்கு அதன்மேல் பிரியம்.

அந்தத் தாளில் ராகுகாலம், எமகண்டம் முதலியவையும் அச்சாகியிருக்கின்றன. அவற்றைக் கோயில்பிள்ளை வாசிப்பதில்லை. ஆனால் நம் பங்கில் சிலர் வாசிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு சமயம் ஒரு வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு என்னை அழைத்தார்கள். "திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன்" என்றேன். "ஏழரையிலிருந்து ஒன்பது வரைக்கும் மட்டும் வேண்டாம் சாமி" என்றார் வீட்டுப் பெரியவர். "ஏன்?" என்று கேட்டேன். "அந்த நேரத்திலே பஸ் கிடையாது சாமி" என்றார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பஸ்கள் கோயில் வாசலைத் தாண்டிப் போவதை நான் தினமும் பார்க்கிறேன். பஸ்காரர்களும் ராகுகாலம் அனுசரிக்கிறார்கள் போலும்! நான் சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டார். எட்டு மணிக்கே போய் ஆசீர்வதித்தேன். அந்தத் தம்பதிகள் இன்று ஒரு குழந்தையோடு சுகமாயிருக்கிறார்கள்.

ஆனாலும், எது நல்ல நேரம் என்னும் கேள்வி நல்ல கேள்விதான். அதைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஜூலை மாதம் 14-ந் தேதித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1789-ம் வருஷம் அதே தேதியில் பாரிஸ் பட்டணத்து ஜனங்கள் திரண்டு போய் பஸ்தீல் என்னும் பழைய கோட்டைச் சிறையைப் பிடித்தார்கள். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர்தான். என்றாலும் பிரெஞ்சுப் புரட்சி அந்த நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. இன்றும் பிரான்ஸ் தேசம் அந்தத் தேதியைத்தான் தேசியத் திருநாளாகக் கொண்டாடுகிறது.

அப்போது பிரான்சை ஆண்டவர் பதினாறாம் லூயி அரசர். பாரிசிலிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில், வெர்சேல்ஸ் அரண்மனையில் இருந்தார். அவருக்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கமுண்டு. ஜூலை 14-ந் தேதிக்கு நேராக அவர் எழுதிவைத்தது ஒரே வார்த்தை: "ஒன்றுமில்லை."

இதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் நியாயமாய்ப் பேசவேண்டும். அந்தக் குறிப்புப் புத்தகம் பெரும்பாலும் அரசருடைய வேட்டைக் கணக்கு. எத்தனை மான் விழுந்தது, எத்தனை பறவை விழுந்தது என்று எழுதுகிற புத்தகம். அன்று வேட்டையில்லை. ஆகவே ஒன்றுமில்லை. அவர் எழுதியது பொய்யல்ல. அவர் கையிலிருந்த அளவுகோல் அப்படிப்பட்டது. வேட்டையால் நாளை அளந்தவருக்கு, தம் சிம்மாசனம் ஆட்டங்கண்ட நாளும் வெறும் நாளாய்ப் போயிற்று. மூன்றரை வருஷத்துக்குப் பின், 1793 ஜனவரி 21-ந் தேதி அவர் கொலைமேடை ஏறினார்.

இப்போது அதே ஜூலை 14-ந் தேதியில் நடந்த இன்னொரு காரியத்தைக் கேளுங்கள். பஸ்தீல் விழுவதற்குச் சரியாக 175 வருஷங்களுக்கு முன், 1614-ல், உரோமாபுரியில் அர்ச். கமில்லுஸ் தெ லெல்லிஸ் மரணமடைந்தார். வாலிபத்தில் அவர் ஒரு போர்ச்சேவகன். சூதாட்டத்தில் கைப்பொருளையெல்லாம் தோற்றவர். காலில் ஆறாத புண் ஒன்று ஆயுள் முழுவதும் அவரை வாதித்தது. அந்தப் புண்ணுக்கு மருந்து தேடி ஆஸ்பத்திரிக்குப் போனவர், அங்கே கவனிப்பாரற்றுக் கிடந்த நோயாளிகளைக் கண்டு அவர்களுக்கு ஊழியனாகிவிட்டார். அங்கியில் சிவப்புச் சிலுவை தரித்த ஒரு சபையை ஏற்படுத்தினார். 1886-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவர் அவரையும் அர்ச். அருளப்பர் என்னும் தேவ ஊழியரையும் நோயாளிகளுக்குப் பாதுகாவலராக நியமித்தார். கமில்லுஸ் நாட்குறிப்பு எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? ஒருவனுக்குக் கஞ்சி ஊட்டினேன். ஒருவனுடைய புண்ணைக் கழுவினேன். ஒருவனுக்குப் படுக்கை மாற்றினேன். வேட்டைக் கணக்கில் பார்த்தால் இதுவும் ஒன்றுமில்லைதான். சர்வேசுரனுடைய கணக்கில் அது எழுதப்பட்டிருக்கிறது.

பிரியமானவர்களே, நாம் எந்த அளவுகோலை வைத்திருக்கிறோம்? மாலையில் புருஷன் வீட்டுக்கு வருகிறான். "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்கிறாள் மனைவி. "ஒன்றுமில்லை" என்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளையைக் கேட்டால், பையை மூலையில் போட்டுவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்கிறது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பாட்டி மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினாள். சின்னவன் முதல் தடவையாகத் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். அடுத்த வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயடியில் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போய்விட்டாள். சம்பளம் ஏறவில்லை, பரீட்சை முடிவு வரவில்லை, கல்யாணம் கூடிவரவில்லை, ஆகவே ஒன்றுமில்லை! நாமும் வேட்டைக் கணக்குத்தான் எழுதுகிறோம்.

நம் ஆண்டவர் பூலோகத்தில் எப்படி ஜீவித்தார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் பிறந்த இராத்திரியில் பெத்லகேம் ஊராருக்கு இருந்த சங்கதி ஒன்றே ஒன்று: குடிமதிப்புக்கு வந்த கூட்டத்தால் சத்திரத்தில் இடமில்லை. அதற்குப் பின் நாசரேத்தில் ஏறக்குறைய முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்தைப் பற்றிச் சுவிசேஷம் சொல்வது மிகக் கொஞ்சம். மரம் அறுத்தார்கள், மாவரைத்தார்கள், தண்ணீர் எடுத்தார்கள், ஜெபித்தார்கள், தூங்கினார்கள். நாசரேத்தூரில் யாராவது நாட்குறிப்பு எழுதியிருந்தால், சூசையப்பர் வீட்டுக்கு நேராக முப்பது வருஷமும் "ஒன்றுமில்லை" என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் உலகத்தை உண்டாக்கினவர் அந்த வீட்டில்தான் இருந்தார். பிற்பாடு அவர் எருசலேமைப் பார்த்து அழுததும் ஏன்? அந்தப் பட்டணம் தன்னைத் தேடி வந்த நாளை அறிந்துகொள்ளவில்லை என்பதற்காகவே அன்றோ!

அவிலா பட்டணத்து அர்ச். தெரேசம்மாள் இதை நன்றாய் அறிந்திருந்தாள். சமையற்கட்டில் பானை சட்டிகளின் நடுவிலும் ஆண்டவர் உலாவுகிறார் என்று தன் கன்னியருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அவளுடைய மரணத்திலும் காலண்டர் சம்பந்தமான ஒரு வேடிக்கை உண்டு. பழைய பஞ்சாங்கக் கணக்கு சூரியனோடு ஒத்துவராமல் பத்து நாள் பிசகிப்போயிருந்தது. அதைத் திருத்தும்படி பதின்மூன்றாம் கிரகோரியார் பாப்பானவர் 1582-ல் கட்டளையிட்டார். அந்த வருஷம் அக்டோபர் 4-ந் தேதி வியாழக்கிழமைக்கு மறுநாள், 15-ந் தேதி வெள்ளிக்கிழமை ஆயிற்று. நடுவில் பத்துத் தேதிகள் இல்லவேயில்லை. அந்த 4-ந் தேதி இரவில்தான் தெரேசம்மாள் மரித்தாள். ஆகவேதான் அவளுடைய திருநாள் அக்டோபர் 15-ல் வருகிறது. பத்துத் தேதிகள் காணாமற்போனதால் அவளுடைய பேறுபலனில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. தேதிகளை மனிதர் கூட்டலாம், குறைக்கலாம். அன்பினால் செய்த காரியத்தை யாரும் அழிக்க முடியாது.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதியுண்டா என்று கேட்டால், இல்லை. லூயி அரசரைப் பார்த்து நான் சிரிக்கவும் கூடாது. ஏனென்று சொல்கிறேன்.

நான் குருமடத்தில் படித்த காலத்தில் எங்கள் ஞானத் தந்தை, தினமும் படுக்கப்போகுமுன் நாலு வரி எழுதிவைக்கும்படி சொல்லியிருந்தார். நானும் ஒழுங்காய் எழுதி வந்தேன். ஒரு நாள் மத்தியானம் என் அப்பா முன்னறிவிப்பில்லாமல் என்னைப் பார்க்க வந்தார். ஊரிலிருந்து ஐந்து மணி நேரப் பஸ் பிரயாணம். கையில் ஒரு மஞ்சள் பை; அதில் ஒரு சீப்புப் பழமும், அம்மா செய்து கொடுத்த அதிரசமும். மறுநாள் எனக்குத் தத்துவ சாஸ்திரப் பரீட்சை. வேப்பமரத்தடித் திண்டில் இருவரும் உட்கார்ந்தோம். "சாப்பாடு சரியா இருக்கா? ராத்திரி தூங்குறியா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டாந்தரமும் பார்த்தேன். அப்பா கவனித்துவிட்டார். "நீ படி ராசா. நான் கிளம்புறேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. எனக்கும் அது தெரியும். வாசல்வரைக்கும் கூட நான் போகவில்லை. திண்டிலிருந்தே கைகாட்டிவிட்டுப் படிக்கப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஊரிலிருந்து ஆள் வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் அப்பாவின் ஆவி பிரிந்துவிட்டது. அடக்கம் முடிந்த இராத்திரி அம்மா சொன்னாள்: அன்றைக்குப் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் சொன்னதை என்னிடம் சொல்வதற்காகத்தான் அப்பா குருமடத்துக்கு வந்தாராம். "பிள்ளைக்குப் பரீட்சை. அப்புறம் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன்" என்றாராம்.

குருமடத்துக்குத் திரும்பினதும் என் நாட்குறிப்பைத் தேடி எடுத்து, அந்தத் தேதியைப் புரட்டினேன். என் சொந்தக் கையெழுத்தில் இருந்தது: "பரீட்சைக்குப் படித்தேன். வேறு விசேஷம் ஒன்றுமில்லை." அப்பா வந்தார் என்றுகூட எழுதவில்லை.

அந்தப் பரீட்சையில் என்ன கேள்வி கேட்டார்கள் என்று இன்று எனக்கு ஞாபகமில்லை. அப்பா கேட்ட இரண்டு கேள்விகளும் ஞாபகமிருக்கின்றன. பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னேன், ஆண்டவர் மன்னித்தார். அந்த நோட்டை மட்டும் நான் எறியவில்லை. அறைவீட்டுக் கதவை யாராவது அகாலத்தில் தட்டும்போது, மேஜையின்மேல் எவ்வளவு வேலை கிடந்தாலும், அந்த நோட்டை நினைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். சில நாள் நினைவு தவறிப்போவதுமுண்டு. அப்படி என்னிடம் வந்து வருத்தத்தோடு திரும்பினவர்கள் இருந்தால், இதை வாசித்து என்னை மன்னிப்பார்களாக.

ஆகையால், பிரியமானவர்களே, மூன்று சிறு காரியங்களை உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, காலண்டரில் அச்சாகியிருக்கிற நாட்களோடு, அச்சாகாத உங்கள் வீட்டு நாட்களையும் எழுதிவையுங்கள். ஜூலை 15-ந் தேதித் தாளில் பெருந்தலைவர் காமராஜர் பிறந்த நாள் என்று போட்டிருக்கும். 1903-ல் விருதுநகரில் அவர் பிறந்தபோது அது ஒரு தாயும் அவளுடைய வீட்டாரும் மட்டும் அறிந்த நாள். உங்கள் வீட்டு நாட்களில் முதன்மையானது நீங்கள் ஞானஸ்நானம் பெற்ற நாள். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தத் தேதி தெரியும்? தெரியாதவர்கள் வந்து கேளுங்கள்; ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டிச் சொல்கிறேன். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் வாருங்கள். எல்லாரும் ஒரே நாளில் வந்துவிட்டால் கோயில்பிள்ளை என்னோடு பேசமாட்டார்.

இரண்டாவது, இராத்திரி குடும்ப ஜெபமாலை முடிந்ததும், அன்று நடந்ததில் ஒரு சின்னக் காரியத்தை ஒவ்வொருவரும் சொல்லி ஆண்டவருக்கு நன்றி கூறுங்கள். "ஒன்றுமில்லை" என்று சொல்ல யாருக்கும் அனுமதியில்லை. பாட்டியின் கண்ணாடியும் சேர்த்திதான்.

மூன்றாவது, தாளைக் கிழிக்குமுன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேளுங்கள்: நேற்று என்னிடம் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமலே போனவர் யார்? ஒருவர் முகம் ஞாபகத்துக்கு வந்தால், அன்றைக்கே அவரைத் தேடிப் போங்கள். அந்த நேரம் ராகுகாலமாயிருந்தாலும் பரவாயில்லை. பஸ் இல்லாவிட்டால் நடந்து போங்கள்.

கிழித்த தாள் திரும்ப ஒட்டாது. ஆனால் அதிலிருக்கிற கணக்கு ஆண்டவரிடம் பத்திரமாயிருக்கிறது. கடைசித் தாளும் கிழிந்துபோகிற அந்த நாளில், நாம் ஒன்றுமில்லை என்று எண்ணிக் கொடுத்த ஒரு குவளைத் தண்ணீரும் அங்கே எழுதப்பட்டிருக்கக் கண்டு நாம் மகிழும்படி, தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் நமக்காக மன்றாடுவார்களாக.

ஆமென்.

உங்கள் பங்குக் குரு