தேர்ந்தெடுத்த சிரமம்

தானாக விரும்பி ஏற்கும் உடல் சிரமத்துக்கு ஒழுக்க மதிப்பு ஏதும் உண்டா? உண்டு என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது ஏற்காட்டில், ஒண்டிக்கடையில்.

பெயருக்குத்தான் ஒண்டிக்கடை. இன்று அது சுற்றிலும் கடைகள் நெருங்கிய ரவுண்டானா. ஆய்வு மாணவனாக இருந்தபோது இரண்டு குளிர்காலங்கள் அதன் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி நெடுந்தொலைவு ஓட்டத்துக்குப் பயிற்சி செய்தேன். ஆய்வேடு நகராத வருஷங்கள் அவை. மேஜை முன் அமர்ந்து ஒரு பக்கமும் எழுத முடியாதவனுக்கு, சேர்வராயன் கோவில் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஓடி ஏறித் திரும்புவது அன்றைய நாள் வீணாகவில்லை என்பதற்கு ருசுவாக இருந்தது. மார்கழி விடிகாலையில் பாதையே தெரியாத மூடுபனி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குப் பிராணவாயு குறைகிறது. நெஞ்சு அடைக்கும், கெண்டைக்கால் இறுகும், நின்றுவிடு என்று உடம்பு சொல்லும். நிற்க மாட்டேன் என்பதில் ஒரு கர்வம். அந்தக் கர்வத்துக்குத் தவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அராபிக்கா காப்பி பழுத்துப் பறிக்கும் பருவமும் குளிர்காலம்தான். அதே பாதையில் அதே வேளையில் பெண்கள் தோட்டங்களுக்கு நடந்து போவார்கள். ஒரு நாள் ஏற்றத்தில் முழங்காலில் கையூன்றி நின்றிருந்தேன். வயதான ஓர் அம்மாள் நின்று கேட்டாள்:

"ஏங்கண்ணு இப்பிடி ஓடற? யாராச்சும் ஓடச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான்."

"அப்ப வேண்டாம்னா நிப்பாட்டிக்கலாம்."

கேலி இல்லை. விஷயம் புரிந்துவிட்டது என்கிற தொனி. அவள் போய்விட்டாள்.

அவளுடையது நிர்ப்பந்தம், என்னுடையது தேர்வு. தேர்வுதான் செயலுக்கு அர்த்தம் தருகிறது என்று அன்றே பதில் தயாரித்துக்கொண்டேன். படித்த புத்தகங்கள் உதவின. ஆனால் இந்தத் தர்க்கத்தை நீட்டினால், வசதியுள்ளவனின் பொழுதுபோக்கு கூலிக்காரியின் உழைப்பைவிட மேலானதாகிவிடும். எங்கோ தவறு இருக்கிறது.

தவறு பயிற்சி என்ற சொல்லை நான் புரிந்துகொண்டிருந்த விதத்தில் இருந்தது. ஓடும்போது உடல் வலுப்பெறுவதில்லை. தசை நார்கள் நைந்து, சேமித்த சக்தி தீர்கிறது. பிற்பாடு, தூக்கத்திலும் உணவிலும், முன்னிருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாக உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. ரோஜர் பானிஸ்டரின் கதை இதற்குச் சான்று. ஓடுகிறவனின் சுவாசத்தையே ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ந்தவர் அவர். 1954 வசந்தத்தில், லண்டனில் மருத்துவ மாணவராக இருந்துகொண்டே பயிற்சி செய்தபோது, கால் மைல் சுற்றுகளை 61 விநாடிக்குக் கீழே கொண்டுவர அவரால் முடியவில்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்காட்லாந்தில் சில நாட்கள் மலையேறப் போனார். திரும்பி வந்ததும் 59 விநாடியில் ஓட முடிந்தது. பந்தயத்துக்கு முந்திய ஐந்து நாட்கள் ஓடவே இல்லை. மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் கடந்தார்.

ஆக, பயிற்சி என்பது சிரமமும் ஓய்வும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. ஓய்வைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது தேய்மானம். அந்த அம்மாளின் சரிவும் என் சரிவும் ஒன்றே. அவள் முழங்காலும் என் முழங்காலும் ஒரே வஸ்துவால் ஆனவை. நான் திரும்பி வந்து வெந்நீரில் குளித்துப் போர்த்திப் படுத்தேன். அவள் திரும்பிப் போய் அடுப்பு மூட்ட வேண்டும். என் மன உறுதியல்ல, என் ஓய்வுதான் எங்களைப் பிரித்தது. அந்த ஓய்வை வாங்கித் தந்தது ஆய்வு உதவித்தொகை. அது பொதுப்பணம், அவள் வாங்கும் சோப்பின்மீது விழும் வரியும் அதில் உண்டு.

குறளில் தவம் அதிகாரம், தனக்கு நேர்ந்த நோவைப் பொறுப்பதையும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையையும் சேர்த்தே தவத்தின் வடிவம் என்கிறது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். என் ஓட்டம் யாரையும் துன்புறுத்தவில்லைதான். ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முடிவு துன்புறுத்தக்கூடியது. சிரமப்படுகிறவன் வலுப்பெறுகிறான் என்பது ஓய்வுள்ளவனின் அனுபவம். அதைப் பொது உண்மையாக்கிச் சொல்லும்போது, பிறரைச் சிரமப்படுத்துகிறவனுக்கு அது சௌகரியமான வாசகமாகிவிடுகிறது. எழுதுகிறவர்களும் இதிலிருந்து தப்பியவர்களல்ல. வறுமையையும் புறக்கணிப்பையும் எழுத்தின் உரம் என்று பேசுகிறோம். அவற்றால் எழுதாமலே போனவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்கள் பெயர் எந்த இதழிலும் வரவில்லை.

ஓடுவதை விடவில்லை. களைப்பு இன்னதென்று சொந்த முழங்காலில் அறிவது ஓர் அறிவுதான். அடுத்தவர் களைப்பை அளக்க அது உதவினால் மதிப்புள்ளதும்கூட. தவம் என்ற பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். ஏற்றத்தில் மூச்சு முட்டினால் இப்போது நின்றுகொள்கிறேன். நிற்க முடிவது என் சாமர்த்தியமல்ல என்று தெரிகிறது.