சொல்லாத பழுது

பாதி திருத்திய எம்.ஜி.பி. ஸ்போட்ஸ் கார் ஒன்றை வெரிபீயில் விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1963 முதல் 1972 வரை சிட்னியில் பொருத்தப்பட்ட வகை. புதுப் பெயின்ற் மினுங்குகிறது. எஞ்சின் எண்ணெய் குடிக்கிறது. விக்ரோறியாவின் றோட்வேர்தி சான்றிதழ் பார்ப்பது பாதுகாப்பை மட்டுமே. எஞ்சினின் ஆயுளை அல்ல. கேட்காததைச் சொல்ல வேண்டுமா?

சிசெரோ கி.மு. 44இல் எழுதிய நூலில், பழுதான வீடொன்றை வைத்து இதே வழக்கு நடக்கிறது. வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லையே என்பது டயோஜெனிஸின் கட்சி. வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் விடுவதைவிட இது மோசம் என்பது அன்ரிபேற்றரின் கட்சி.

எம்மவரென்றால் சொல்வோம், வெள்ளைக்காரரென்றால் பேசாமலிருப்போம் என்போரும் நம்மிடையே உண்டு. நாம் வழி தெரியாமல் வந்திறங்கியபோது, ஊர் கேட்டுவிட்டா வழி காட்டினார்கள்?

பழுதைச் சொன்னால் ஆயிரம் டொலர் குறையும். அது எத்தனை இரவுக் கோப்பை கழுவல் என்பது நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொல்வதுதான் நேர்மை.