வாக்குச்சீட்டும் மனச்சாட்சியும்



இந்த வாரம் என் குற்றம் ஒன்றை முதலில் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் கடமையைப் பற்றிப் பேசுகிறேன். 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது நான் வேறொரு பங்கில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பூசைப் பிரசங்கத்தில், வாக்களிப்பது ஒவ்வொரு கிறிஸ்தவனுக்கும் கடமை என்று வெகு உற்சாகமாய் முழங்கினேன். வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் காலை, கோவில் வாசல் பெருக்கும் பாட்டியம்மாள் ஒருவர், விரலில் மையோடு வந்து, “சாமி, நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல ஓட்டுப் போட்டீங்க?” என்று வெள்ளை மனதோடு கேட்டார்.

நான் எங்கும் போடவில்லை. என் பெயர் அதற்கு முந்தின பங்கின் பட்டியலிலேயே கிடந்தது. மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகியும், ஒரு படிவம் எழுதிக் கொடுக்க எனக்குப் போது வரவில்லை. “எனக்கு இங்கே ஓட்டு இல்லை பாட்டி” என்றேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “அப்போ நீங்க எங்க ஊரு இல்லீங்களா சாமி?” என்று மட்டும் கேட்டுவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை. அந்த ஊரின் ஞானஸ்நானப் பதிவேடு, கலியாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு எல்லாவற்றையும் என் கையால் எழுதினேன். நானும் அவ்வூரான் என்று சொல்லும் ஒரே ஏட்டில் மட்டும் என் பெயர் இல்லை.

வாக்களிக்காமல் இருப்பது பாவமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1948-ல் இத்தாலியப் பொதுத் தேர்தலுக்கு முன் உரோமைக் குருக்களிடம் பேசியபோது, சோம்பலாலோ கோழைத்தனத்தாலோ வாக்களியாமல் இருப்பவன் கனமான பாவம் செய்கிறான் என்று கண்டிப்பாகவே சொன்னார். 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூலும், வரி செலுத்துவது, வாக்களிப்பது, நாட்டைக் காப்பது ஆகிய மூன்றையும் ஒன்றாகவே சேர்த்துக் கடமை என்கிறது. ஆனால் பாவம் என்றதும் பயந்து கியூவில் போய் நிற்பதில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. ஏன் அது கடமை என்று விளங்க வேண்டும்.

“என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் சாக்கு. சட்டமன்றத் தேர்தலைப் பற்றி இப்படிச் சொன்னாலாவது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். ஊராட்சி வார்டில் இருப்பது சில நூறு வாக்குகள். பத்து ஓட்டில், ஐந்து ஓட்டில் அங்கே தலையெழுத்து மாறும். இருவர் சமமாய் வந்துவிட்டால் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் படுத்திருந்த ஒருவர் எழுந்து வந்திருந்தால் அந்தச் சீட்டுக்கே வேலையில்லை.

சரி, உங்கள் ஓட்டு எதையும் மாற்றாது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான் ஒன்று கேட்கிறேன். ஊரில் ஒரு துட்டி விழுந்தால் போகிறீர்கள் அல்லவா? நீங்கள் ஒருவர் போகாவிட்டால் அடக்கம் நின்றுவிடுமா? ஒரு தோள் குறைந்தால் பெட்டி கீழே விழுந்துவிடுமா? ஆனாலும், “என்னால் என்ன ஆகும்” என்று கணக்குப் போட்டு எவரும் வீட்டிலிருப்பதில்லை. போகாதிருப்பது செத்தவரின் குடும்பத்துக்குச் செய்யும் அவமரியாதை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊராட்சியும் அப்படித்தான். குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, மயானப் பாதை, இவைதாம் அதன் பொறுப்பு. வீட்டில் ஆழ்குழாய் போட்டவருக்குத் தண்ணீர் மேல்தொட்டி நிறையாதது தெரியாது. குடத்தோடு பொதுக் குழாயடியில் நிற்கும் விதவைக்குத் தெரியும். உங்கள் ஓட்டு உங்களுக்காக மட்டும் உங்களிடம் கொடுக்கப்பட்டதன்று. அவளுக்காகவும் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் அது.

உறுப்பினர் இல்லாத ஊராட்சி எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நின்றுபோய், 3 வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்களே பார்த்தார்கள். 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பல ஊர்களை ஒருவர் சுமப்பது கஷ்டம். ஆனால் விளக்கு எரியாத இரவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

“எல்லாரும் திருடர்கள், சாமி” என்பது இரண்டாவது சாக்கு. நீதிபதிகள் ஆகமம் 9-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சகோதரர் எழுபது பேரைக் கொன்று அபிமெலேக் அரசனானபோது, தப்பிப் பிழைத்த கடைசித் தம்பி யோத்தாம் மலைமேல் ஏறி நின்று ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தங்களுக்கு ராஜா தேடின. ஒலிவமரம் தன் எண்ணெயை விட்டு வரமாட்டேன் என்றது, அத்திமரம் தன் பழத்தின் இனிப்பை விட மனமில்லை என்றது, திராட்சைக்கொடியும் மறுத்தது. கடைசியில் முட்செடி சம்மதித்தது, அதுவும் கேதுரு மரங்களையே எரித்துவிடுவதாய் மிரட்டிக்கொண்டு. பிரசங்கிகள் எல்லோரும் முட்செடியையே திட்டுவார்கள். எனக்கு அந்த ஒலிவமரத்தின்மேல்தான் கோபம். அது ஆள வருவதைப் பற்றிய கதை, ஓட்டுப் போடுவதைப் பற்றியதல்ல என்று நம் வாலிபர் சபைப் பையன் யாராவது மடக்குவான். மெய்தான். 21 வயதானால் நிற்கலாம். நம் மாநிலத்தில் பாதி இடம் பெண்களுக்கு. வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. கட்சி பிடிக்கவில்லை என்று ஒதுங்க இங்கே இடமில்லை. தம்பி, நீ ஏன் நிற்கக்கூடாது?

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். “வாங்கிக்கொண்டு மனச்சாட்சிப்படி போடுகிறேன், சாமி” என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும். வாங்கியவனுக்கே போட்டால், குழாயடியில் நிற்கும் அந்த விதவையின் பங்கை விற்றீர்கள். போடாவிட்டால், கைநீட்டி வாங்கி ஏமாற்றினீர்கள். மூன்றாவது வழி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கூலி இல்லாத வாரத்தில் ஐந்நூறு ரூபாயை வாங்கின தாயை விட, கொடுத்தவனுடைய பாவம் பெரிது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன்.

இந்த ஓட்டு எவ்வளவு விலை கொடுத்து வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாய்ப் படித்தோம். அந்தக் குடத்தில் பெயர் விழுவதற்குச் சொந்த நிலமும் வேதப்படிப்பும் வேண்டும். வயலில் உழுதவன் பெயர் அதில் கிடையாது. நம்மில் எத்தனை பேரின் முப்பாட்டன் பெயர் அதில் விழுந்திருக்கும்? மதுரைப் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் 10 வருஷம் முறையான தேர்தல் நடத்த விடவில்லை, 2006-ல்தான் நடந்தது. மேலவளவில் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரே பந்தியில் சற்பிரசாதம் வாங்குகிற நாம், சாதி பார்த்து முத்திரை குத்தினால், அந்தக் கொலைகாரர்களைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை.

யாருக்குப் போடுவதென்று என்னிடம் கேட்க வேண்டாம். குருவானவர் கட்சிகளில் இறங்கலாகாது என்பது திருச்சபைச் சட்டம். வேட்பாளர் யார் வந்து கும்பிட்டாலும் பீடத்திலிருந்து ஒரு பெயரும் வராது.

இனி வேலைக்கு வருவோம். உள்ளாட்சிக்கென்று தனியாக ஆள் கணக்கு எடுப்பதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்தே அதையும் தயாரிக்கிறார்கள். அதில் இல்லாதவர் இதிலும் இல்லை. கையில் அட்டை இருக்கிறதென்று சும்மா இராதீர்கள். பட்டியலில் பெயர் இருந்தால்தான் வாக்கு. புதிதாய்ச் சேர படிவம் 6. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ம் தேதிகளில் 18 நிறைபவர்கள் சேரலாம்; 17 முடிந்ததுமே மனுக் கொடுத்து வைக்கலாம். வீடு மாறினவர்களுக்கும் பிழை திருத்துகிறவர்களுக்கும் படிவம் 8. செத்தவர் பெயரை நீக்க படிவம் 7. அப்பா இறந்து ஆறு வருஷமாகியும் அவர் பெயர் பட்டியலில் உயிரோடிருந்தால், அதை வைத்து வேறொருவன் வந்து போடுவான்.

மருமகள் வீட்டுக்கு வந்ததும் ரேஷன் கார்டில் ஏற்றத் தெரிகிற நமக்கு, அவள் பெயரை வாக்காளர் பட்டியலில் ஏற்ற மட்டும் ஏன் கை வருவதில்லை? திருப்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டவர்கள் அங்கேயும் இங்கேயும் பெயர் வைத்திருக்கலாகாது, அது குற்றம். எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே சேருங்கள். கன்னியர் மடத்துச் சகோதரிகளுக்கும் இதே வார்த்தைதான். என்னைப் போலவே மாற்றலில் போகிறவர்கள், என்னைப் போலவே மறந்திருப்பார்கள்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு உபதேசியார் பள்ளிக்கூடத் திண்ணையில் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார். ஆதார் நகலும் ஒரு போட்டோவும் கொண்டு வாருங்கள்; எழுதத் தெரியாதவர்களுக்கு வாலிபர் சபையார் எழுதிக் கொடுப்பார்கள். இந்தப் பங்குக்கு வந்த மாதமே நான் படிவம் 8 கொடுத்துவிட்டேன். கோவில் தெருப் பக்கத்தில் என் பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பங்குக் குருவானவர்